பழைய டீசல் பிக்கப் வாங்கப் போறீங்களா? காலையில போங்க, ஆறின எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க

மலேசியா பினாங்கு பட்டர்வொர்த்துல கெனோப்பி (கூடாரம்), மேசை, நாற்காலி வாடகைக்கு விடற தொழில் எனக்கு. கல்யாணம், காதுகுத்து, தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல்னு வருசம் பூரா ஓட்டம், பிக்கப் இல்லாம ஒரு நாள் நகராது. இதுவரைக்கும் மூணு பிக்கப் வாங்கியிருக்கேன், மூணுமே பழசு. போன மாசம் மச்சானுக்கு ஒண்ணு பாக்கப் போய் பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் வரைக்கும் சுத்தி ஏழு காடி பாத்தோம், ஏழாவதத்தான் எடுத்தோம். அப்பவே மச்சான் சொன்னான், இதெல்லாம் எழுதி வைங்க மாமா, நம்ம ஆளுங்க நெறைய பேர் பெயின்ட்டையும் ரிம்மையும் பாத்துட்டு காசை கொடுத்துடறாங்கன்னு. அவன் சொன்னது சரிதான், ஏன்னா நானும் அப்படித்தான் முதல் காடிய வாங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு போனேன். காடி ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஏர்கோன் ஜில்லுன்னு, எஞ்சின் சத்தம் சீரா, மீட்டர்ல 140,000 கிலோமீட்டர். அரை மணி நேரத்துல டெபாசிட் கொடுத்துட்டேன். மூணாவது மாசம் ஜூரு டோல் தாண்டினதும் சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சுது, ஓரம் கட்றதுக்குள்ள கடகடன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். போர்மேன் (மெக்கானிக்) அண்ணன் எஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் பேனை கழட்டி ஸ்ட்ரெய்னரை என் கையில கொடுத்தார். ஆயிலை உறிஞ்சற அந்த சின்ன கம்பி வலை, வடைச்சட்டி அடியில ஒட்டின கரி மாதிரி கெட்டியா அடைச்சிருந்துச்சு, ஸ்க்ரூ டிரைவரால குத்தினா கட்டி கட்டியா உதிருது. டீசலை எஞ்சினுக்குள்ள பீச்சற இஞ்செக்டருக்கு அடியில இருக்கற செம்பு வாஷர் கசிஞ்சு, எரிஞ்ச காத்து உள்ள புகுந்து, ஆயில் கரியாகி, கடைசியில எஞ்சினுக்கு ஆயிலே போகல. எனக்கு ஆன செலவு 11,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல. அந்த வாஷர் சில வெள்ளி சாமான். அந்த காடிய காலையில ஆறின நேரத்துல போய் ஆயில் மூடிய திறந்து பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், அந்த ஆத்திரம் இன்னைக்கும் எனக்கு போகல.

முதல்ல உங்களுக்கு டீசல் வேணுமான்னு யோசிங்க

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்துல டீசல் விலை லிட்டர் 2.15 வெள்ளியிலருந்து 3.35 வெள்ளிக்கு ஏறினதுல பழைய கணக்கெல்லாம் மாறிப் போச்சு. தகுதி இருக்கறவங்களுக்கு புடி மடானிங்கற அரசாங்க டீசல் உதவியில அப்ப மாசம் 200 வெள்ளி வந்துச்சு, இப்ப உங்களுக்கு வருதான்னு பாத்து அதையும் சேர்த்து கணக்கு போடுங்க. பாரம் தூக்கற வேலை, தோட்டத்து ரோடு, தூர ஓட்டம் இருந்தா டீசல்தான் சரி. ஆனா பிள்ளையை ஸ்கூல்ல விட்டு மார்க்கெட் போய் வர, ஒரு நாளைக்கு நாலஞ்சு கிலோமீட்டர் ஓட்டறதுக்கு வேணாம்ங்க. டீசல் எஞ்சின் சூடாகறதுக்குள்ள வீடு வந்துடும், காத்து உள்ள போற இன்டேக்லயும், எரிஞ்ச காத்துல கொஞ்சத்தை திருப்பி உள்ள அனுப்பற ஈஜிஆர்லயும் கரி ஏறிக்கிட்டே இருக்கும்.

எந்த எஞ்சின்னு தெரிஞ்சுக்காம காடி பாக்கப் போகாதீங்க

ஆளுங்க ஹைலக்ஸ் நல்லது, டி-மேக்ஸ் நல்லதுன்னு பேர் சொல்வாங்க, ஆனா ஒரே பேர்ல மூணு நாலு எஞ்சின் வந்திருக்கு, அதோட பலவீனம் தெரிஞ்சாதான் எங்க பாக்கணும்னு தெரியும்.

2005-லருந்து 2015 வரைக்கும் வந்த ஹைலக்ஸ்ல 3.0ன்னா 1கேடி, 2.5ன்னா 2கேடி. ரெண்டுமே டைமிங் பெல்ட், அதாவது வால்வை சரியான நேரத்துல திறந்து மூட வைக்கற பெல்ட். 150,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும், மாத்தினதுக்கு பில் இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்கிட்டு விலைய பேசுங்க. மேல சொன்ன செம்பு வாஷர், அடைச்ச ஸ்ட்ரெய்னர் விசயத்துல ரொம்ப பேர் வாங்கினது 1கேடி, அதனால அதுல இஞ்செக்டர் வேலை செஞ்ச பில்லுதான் தங்கம். அடுத்து வந்த 2.4, 2.8 ஜிடி எஞ்சின்ல பெல்ட்டுக்கு பதிலா செயின், பெல்ட் செலவு கிடையாது.

டி-மேக்ஸ் பழைய 2.5, 3.0 ரெண்டும், அதாவது 4ஜேகே1, 4ஜேஜே1, செயின்தான். சத்தம் கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், அது அதோட சுபாவம், பயப்படாதீங்க. கெனோப்பி தொழிலுக்கு என் மனசுக்கு பிடிச்சது 4ஜேஜே1, ஒளிக்காம சொல்லிடறேன்.

டிரைட்டன் பழைய 2.5 எஞ்சின் 4டி56. அதுல டைமிங் பெல்ட் மட்டும் இல்ல, எஞ்சின் அதிர்வை குறைக்கற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு தனியா ஒரு சின்ன பெல்ட் இருக்கு. அந்த சின்னது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள்ள சிக்கினா வால்வு பிஸ்டன்ல அடிக்கும். பெல்ட் மாத்தினேன்னு சொன்னா ரெண்டையும் மாத்தினீங்களான்னு கேளுங்க. 2.4 மிவெக், 4என்15, அலுமினியம் பிளாக், செயின். அலுமினியம்ங்கறதால ஒரு தடவை தண்ணி வத்தி சூடேறின காடின்னா நான் தொட மாட்டேன்.

ரேஞ்சர் 2.2, 3.2 ரெண்டும் செயின். ஆனா இதுல ஒரு முக்கியமான சங்கதி, ஆயில் மாத்தும்போது பழைய ஆயிலை வடிய விட்டுட்டு டீ குடிக்கப் போயிடக்கூடாது, ரொம்ப நேரம் காலியா விட்டா ஆயில் பம்புல காத்து புகுந்து திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் ஏறாது, எஞ்சினே போயிடும். அதனால யார் கையில சர்வீஸ் ஆச்சுன்னு கேக்கறது ரேஞ்சருக்கு ரொம்ப முக்கியம். ஆரம்பத்துல வந்த 2.0 பை-டர்போவுல டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள்ள ஓடுது, ஆயில் கிரேடு தப்பா ஊத்தியிருந்தா பெல்ட் கெட்டு அந்தத் தூளும் ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். நவாரா டி40 காலத்து ஒய்டி25 எஞ்சின்ல செயின் நீளறது தெரிஞ்ச விசயம், ஸ்டார்ட் பண்ணதும் முன்பக்கம் கரகரன்னு உரசற சத்தம் வந்தா வாங்காதீங்க.

போன்லயே சொல்லிடுங்க

காடி பாக்க நேரம் கேக்கும்போது காலையில ஏழரை எட்டு மணிக்குன்னு கேளுங்க, "அண்ணே, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஆறின எஞ்சின்தான் பாக்கணும்"னு தெளிவா சொல்லுங்க. நல்ல காடி வச்சிருக்கறவர் சரிம்பார். போனதும் யார்கிட்டயும் பேசறதுக்கு முன்னாடி பானெட்ல கை வைங்க, திறந்து மேனிஃபோல்டு பக்கத்துல கை கொண்டு போங்க. வெதுவெதுன்னு இருந்தா, ஏற்கனவே ஓட்டி சூடாக்கிட்டாங்க. ஏன்னு கேளுங்க, பதில் சரியில்லன்னா கிளம்பிடுங்க. நாங்க பாத்த ஏழுல ரெண்டு இப்படியே போச்சு.

முதல் அஞ்சு நிமிசம்

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை, ஆயில் அளவு பாக்கற கம்பிய, உருவுங்க. டீசல்ல ஆயில் கருப்பா இருக்கறது சகஜம், மாத்தி ரெண்டு நாள்லயே கருத்துடும். பாக்க வேண்டியது அளவு. மேல் கோட்டுக்கும் மேல ஏறியிருந்து டீசல் வாசனை அடிச்சா இஞ்செக்டர்லருந்து டீசல் ஆயில்ல கலக்குது. காப்பியில பால் விட்ட மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. அப்புறம் ஆயில் ஊத்தற மூடிய திறந்து கைபேசி டார்ச்சை உள்ள அடிங்க. பழுப்பு நிறத்துல மெல்லிசா பூச்சு இருந்தா பரவால்ல, விரலை விட்டா தார் மாதிரி ஒட்டுனா, இல்ல கரிக்கட்டி தெரிஞ்சா, கீழ ஸ்ட்ரெய்னர் எப்படி இருக்கும்னு நான்தான் மேல சொல்லிட்டேனே.

இஞ்செக்டர் சுத்தியும் டார்ச் அடிச்சு பாருங்க. கசியற இடத்துல கருப்பா பிசின் மாதிரி உறைஞ்சு கிடக்கும். எஞ்சினை பளபளன்னு கழுவி வச்சிருந்தா இதெல்லாம் தெரியாது, அதனாலயே கழுவின எஞ்சினை விட தூசி படிஞ்ச எஞ்சினைத்தான் நான் நம்புவேன்.

இப்ப ஸ்டார்ட். நீங்க உள்ள உக்காந்து சாவி போடுங்க, கூட வந்தவர் பின்னாடி எக்ஸோஸ் பக்கம் நிக்கட்டும். இங்க ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கணும். டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை பதினாறு பதினெட்டு மடங்கு அமுக்கி வர்ற சூட்டுலதான் டீசல் பத்திக்குது. குளிர் நாட்டுல காலையில உறையற குளிருக்கு குளோ பிளக் (உள்ள சூடாக்கிக் கொடுக்கற பிளக்) இல்லாம ஸ்டார்ட் ஆகாது, நம்ம பினாங்குல விடியகாலையிலயே இருபத்தஞ்சு டிகிரி. இந்த சூட்டுல கம்ப்ரெஷன் நல்லா இருக்கற எஞ்சின் குளோ பிளக் வீக்கா இருந்தாகூட ரெண்டு செகண்டுல பிடிச்சுக்கும். அதனால "காலையில அப்படித்தான் பாஸ், குளிரு"ன்னு யாராவது சொன்னா ஏத்துக்காதீங்க, இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனா கம்ப்ரெஷனோ இஞ்செக்டரோ டீசல் லைன்ல காத்தோ, ஏதோ ஒண்ணு இருக்கு.

புகை. வெள்ளைப் புகை கண்ணை எரிச்சு டீசல் வாசனையோட வந்தா டீசல் சரியா எரியல, இனிப்பு வாசனையோட நிக்காம வந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள எரியுது. நீலப் புகைன்னா ஆயில், டர்போவோ பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ. கருப்பு ஒரு தடவை பொங்கி நின்னா பழைய கரி, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தா ஏர் ஃபில்டர், பூஸ்ட் குழாய் வெடிப்பு, இஞ்செக்டர், இல்லன்னா ரீமேப் பண்ணி, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி, டீசலை ஏத்தி வச்சிருக்காங்க. வாலிபப் பசங்க கையிலருந்து வர்ற காடியில ரீமேப் பத்தி கட்டாயம் கேளுங்க.

ஓடிக்கிட்டு இருக்கும்போது ஆயில் மூடிய கழட்டி, கவுத்து அந்த வாயிலயே வைங்க. லேசா ஆடலாம். துள்ளி விழுந்தா, இல்ல ரயில் எஞ்சின் மாதிரி புஸ் புஸ்னு புகை தள்ளினா, எரியற காத்து பிஸ்டன் ஓரமா கீழ இறங்குது. புக்கிட் மெர்தாஜாம்ல நாங்க பாத்த நாலாவது காடி வெளிய புதுசு மாதிரி, 98,000 கிலோமீட்டர்னு மீட்டர். மச்சான் மூடிய கவுத்து வச்ச உடனே அது தாளம் போட்டு அப்படியே பேட்டரி மேல போய் விழுந்துச்சு. விக்கறவர் முகத்தைப் பாத்தேன், அவரும் எங்களைப் பாத்தார், விலை பத்தி அதுக்கப்புறம் பேசவே இல்ல. சில எஞ்சின்ல மூடிக்கு கீழ தடுப்பு இருக்கும், அதுல டிப்ஸ்டிக் ஓட்டையில காத்து அடிக்குதான்னு பாருங்க.

தண்ணி பக்கம். ரேடியேட்டர் மூடிய ஆறின நேரத்துல மட்டும்தான் திறக்கணும், சூட்டுல திறந்து முகத்தை வேக வச்சுக்கிட்ட ஆளை எனக்குத் தெரியும். உள்ள எண்ணெய் மிதக்குதா, துரு நிறமான்னு பாருங்க. வெறும் பைப் தண்ணி ஊத்தி ஓட்டின காடின்னா உள்ள அரிச்சிருக்கும். மூடிட்டு ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிசத்துல மேல் ஹோஸை அமுக்குங்க. எஞ்சின் இன்னும் சூடே ஆகல, ஆனா ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடுச்சுன்னா ஹெட் கேஸ்கெட் வழியா காத்து தண்ணிக்குள்ள போகுது, அங்கயே விட்டுடுங்க.

ஸ்கேனர் கொண்டு போங்க

எஞ்சின் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச எரர் கோடை படிக்கற சாமான் இது. நல்லது, போர்மேன்கிட்ட இருக்கற பெரிய ஸ்கேனர். அது இல்லன்னா ஐம்பது அறுவது வெள்ளி புளூடூத் ஸ்கேனராவது வாங்கி கைபேசியில போடுங்க. எரர் கோட் இல்லன்னு காட்டினா சந்தோசப்படறதுக்கு முன்னாடி, கோட் அழிச்சதுலருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாருங்க, பல காடியில அது தெரியும். 6 கிலோமீட்டர்னு காட்டினா நீங்க வர்றதுக்காக அழிச்சிருக்காங்க. பெரிய ஸ்கேனர்ல ஒவ்வொரு இஞ்செக்டரோட கரெக்ஷனும், அதாவது டீசல் அளவுல கம்ப்யூட்டர் செய்யற திருத்தமும் வரும், பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும், ஒண்ணு மட்டும் தனியா விலகினா அந்த சிலிண்டர்ல வேலை இருக்கு. காமன் ரெயில்ல, அதாவது எல்லா இஞ்செக்டருக்கும் டீசல் போற பொதுக் குழாயில, 1,600 பாருக்கும் மேல அழுத்தத்துல டீசல் அடிக்குது, ஒரு துளி தண்ணியும் தூசியும் இஞ்செக்டர் முனையை தின்னுடும். நம்ம ஊர் டீசல்ல செம்பனை எண்ணெயில செஞ்ச பயோடீசல் கலந்திருக்கு, அது தண்ணிய இழுக்கும், அதனால டீசல் ஃபில்டரை எப்ப மாத்தினீங்கன்னு கேளுங்க, தெரியாதுன்னு சொல்றவங்கதான் அதிகம். ஐட்லிங்ல ஆர்பிஎம் ஏறி இறங்கி தடுமாறினா பல நேரம் பம்புல இருக்கற சக்ஷன் கன்ட்ரோல் வால்வு, அது சரி பண்ணக்கூடியது, விலையில குறைச்சுக்கலாம்.

ரோட்டுக்கு எடுங்க, மேடு ஏத்துங்க

டீலர் ஷாப் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சு கொடுக்கறது டெஸ்ட் டிரைவ் இல்ல. தீவுல இருந்தா பாயா திருபோங்லருந்து துன் சார்டோன் ரோடு வழியா பாலிக் பூலாவ் ஏறி இறங்குங்க, அந்த வளைவுலயும் மேட்டுலயும் எஞ்சின் உண்மையை சொல்லிடும். தண்ணி சூடு முள்ளு நகரக்கூடாது, டர்போ ஏறும்போது சீரா இழுக்கணும், நாய் ஊளையிடற மாதிரி சத்தம் வரக்கூடாது. மேனுவல்னா மூணாவது கியர்ல மெதுவா போய் முழுசா மிதிங்க, ஆர்பிஎம் மட்டும் ஏறி காடி ஏறலன்னா கிளட்ச் போச்சு. ஃபோர் வீலை மண் ரோட்டுல போட்டுப் பாருங்க, தாரு ரோட்டுல போட்டு திருப்பாதீங்க. திரும்பி வந்து நிறுத்தினதும் டர்போ காத்து போற இன்டர்கூலர் குழாய் ஒண்ண கழட்டச் சொல்லுங்க. உள்ள எண்ணெய் ஈரம் லேசா இருக்கும், அது சாதாரணம், சாய்ச்சா வடியற அளவுக்கு நின்னா டர்போ சீல்.

அடியில, உள்ள

தோட்டத்துல செம்பனை குலை தூக்கின பிக்கப்போட சேஸி, கேபினுக்கும் பின் தொட்டிக்கும் நடுவுல வளைஞ்சிருக்கும், கேபினுக்கும் தொட்டிக்கும் இருக்கற இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவான்னு பாருங்க. புதுசா கருப்பு பூச்சு அடிச்ச அடிபாகத்தை சாவியால தட்டிப் பாருங்க, துரு உள்ள இருந்தா சத்தம் வேற மாதிரி வரும்.

வெள்ளம். 2017 நவம்பர்ல நம்ம பினாங்குலயே வந்துச்சு, 2021 டிசம்பர்ல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் முழுகின காடிங்க கணக்கில்ல. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க, அடியில சேத்துக் கோடு இருக்கும். டீசல் எஞ்சின் தண்ணிய உறிஞ்சினா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், அப்போதைக்கு ஓடும், பின்னாடிதான் உடையும்.

மீட்டரை நம்பாதீங்க, பெடல் ரப்பர், ஸ்டியரிங், சீட் ஓரம் தேய்மானத்தை நம்புங்க. 80,000-ன்னு மீட்டர் சொல்லி பெடல் ரப்பர் வழவழன்னு இருந்தா பொருந்தல. பில்லோட 220,000 ஓடின கம்பெனி காடி, பில் இல்லாத 90,000-ஐ விட எனக்கு மேல்.

கெரான், புஸ்பாகோம்

கெரான்ல (காடி உரிமைப் பத்திரம்) இருக்கற சேஸி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் காடியில நேரா பாருங்க. எஞ்சின் நம்பர் வேறன்னா ஹாஃப்கட் எஞ்சின், அதாவது வெட்டி எடுத்த பழைய காடியோட எஞ்சின் போட்டு ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியாம விட்டிருக்காங்க, தலைவலி உங்களுக்கு. பேங்க் கடன் முடிஞ்சு பேர் விடுவிச்சாச்சா, சம்மன் பாக்கி இருக்கா, பிளாக்லிஸ்ட்டா எல்லாத்தையும் டெபாசிட்டுக்கு முன்னாடி பாக்கணும். பேர் மாத்த புஸ்பாகோம்ங்கற காடி சோதனை கம்பெனியோட பி5 செக்கிங், லோன்ல எடுத்தா பி7ம் வேணும். இங்க நெறைய பேர் ஏமாறறாங்க: "புஸ்பாகோம் பாஸ் ஆன காடி"ன்னு விக்கறவர் சொன்னா எஞ்சின் நல்லதுன்னு நினைச்சுடறாங்க. பி5-ல அவங்க பாக்கறது நம்பர் சரியா, காடி அதே காடியா, கண்ணாடி, அடையாளம் இந்த மாதிரி விசயம். உங்க இஞ்செக்டர் எத்தனை நாள் தாங்கும்னு யாரும் பாக்கறதில்ல, அது உங்க வேலை.

டெபாசிட் கொடுத்தா ரசீதுல "போர்மேன் செக் பண்ணி எஞ்சின்ல பிரச்சனைன்னா பணம் திருப்பித் தரப்படும்"னு எழுதி கையெழுத்து வாங்குங்க. அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்ச டீசல் போர்மேன்கிட்ட கொண்டு போங்க, விக்கறவர் சொல்ற ஆள்கிட்ட இல்ல. 1கேடின்னா ஆயில் பேனை இறக்கி ஸ்ட்ரெய்னரை கண்ணால பாக்க சொல்லுங்க, கூலி நீங்களே கொடுத்துடுங்க.

வாங்கின முதல் வாரம்

விலை பேசும்போதே கையில மூவாயிரம் நாலாயிரம் வெள்ளி தனியா வைங்க. எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ரேடியேட்டர் தண்ணி, கியர், டிஃப்ரென்ஷியல் ஆயில் எல்லாத்தையும் மாத்துங்க, பெல்ட் எஞ்சின்ல பில் இல்லன்னா பெல்ட்டும் டென்ஷனரும் சேர்த்து.

மச்சான் கடைசியில எடுத்தது 3.0 டி-மேக்ஸ், 187,000 கிலோமீட்டர், ஒரே முதலாளி, ஏர்கோன் வேலைக்கு ஓட்டினவர், பில்லெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு பிஸ்கட் டின்ல வச்சிருந்தார். காலை எட்டு மணிக்கு பானெட் ஜில்லுன்னு இருந்துச்சு, சாவி திருப்பினதும் பிடிச்சுது, மூடி லேசா ஆடி அப்படியே நின்னுச்சு. டீசல் ஃபில்டர் அடியில வடிச்சப்போ அரை கிளாஸ் தண்ணி வந்துச்சு, மாத்தியாச்சு. அடுத்த ஆயில் 5,000-த்துல, அப்பவும் அந்த மூடிக்குள்ள டார்ச் அடிச்சு பாக்கச் சொல்லியிருக்கேன்.